பத்துக்கு இரண்டு, வீரய்யா

மேல்கணக்கு,
பூனாகலை.
புதன்கிழமை.

பேத்தி ஜெயந்தினிக்கு அம்மாயி எழுதிக்கொள்வது. உடம்பைப் பார்த்துக்கொள். பதுளைத் தண்ணீர் உனக்குச் சேராது, கொதிக்க வைத்துக் குடி.

நாலு வாரத்துக்கு முன்னால் அந்தத் திங்கட்கிழமை பெரட்டுக்களத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ அங்கே இல்லை. படியில் பெயர்ப் புத்தகத்தோடு கணக்கப்பிள்ளை மருதமுத்து. அவருக்குப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கிற சிவனு. ஆண்கள் பக்கத்தில் வீரய்யாவும் மருந்தடிக்கிற ஆறு பேரும். பெண்கள் பக்கத்தில் வீரய்யாவின் பெண்சாதி செல்லம்மாவோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்காக எல்லாரும் மழையில் நின்றார்கள். வாசலில், அம்மா மறந்துவிட்டுப் போன படங்குச் சாக்கை இடுப்பில் கட்டக் கொடுப்பதற்காக ஓடி வந்த அவர்கள் மகள் லோஜினி. அப்புறம் நான். ஏழாம் நம்பர் மலையில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லப் போனேன். வேறு எதற்கும் போகவில்லை.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். குரலைப் பதிந்து அனுப்புங்கள் அம்மாயி என்று நீயே சொன்னாய். மாட்டேன். போனில் போடுகிற எதுவும் போட்ட இடத்தில் நிற்பதில்லை என்பதை நாம் இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். மூன்றாம் வகுப்போடு நின்றவளுடைய எழுத்து இது, பிழை இருக்கும், நீயே திருத்திப் படித்துக்கொள். நாளைக் காலை தினேஸ் பண்டாரவளைக்குக் கடை வேலைக்குப் போகும்போது எடுத்துப் போவான். அவனுடைய முதலாளி பலீல் நானா வியாழக்கிழமை பதுளைக்குச் சாமான் எடுக்க வருகிறார், அவர் உன் கையில் தருவார். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பிரிந்திருந்தால் எனக்குச் சொல், உன் தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ தினேஸுக்கு அனுப்பியதை அவன் எனக்கு வாசித்துக் காட்டினான். எழுத்துப்பிழை பார்க்கத்தான் அனுப்பினாய், எனக்கு வாசிக்க அல்ல, அது தெரியும். ஒன்லைன் வகுப்புக்குச் செயற்பாடு தயாரிக்க நீ எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று நாலு பக்கம். வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு, உனக்குப் பயிற்சி கொடுத்த கல்வி நிலையத்துப் பாடநெறிக்காரர்கள் முன்னால் நீ இதைப் படிக்க வேண்டுமாம், அவர்கள் சரி என்றால்தான் உன்னை நிரந்தர ஆசிரியையாக வைத்துக்கொள்வார்களாம்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன். பதுளையில் உன் அறையில் உட்கார்ந்து, உன் கையில் இருக்கிற நல்ல போனைப் பார்த்தே முதல் பாடத்தைச் செய்தேன், அதை மேல்கணக்கில் இருக்கிற பிள்ளை, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த்தொட்டிப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நின்று எப்படிப் பார்க்கும் என்று நினைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத் தினேஸை இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னேன். இப்போது நீ பாடத்தை மூன்று நிமிஷக் குரலாக அனுப்புவதும், பிள்ளைகள் அதை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் கேட்பதும், எந்த நேரத்திலும் பதில் அனுப்பலாம் என்பதும் எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. போன வாரம் லயத்து வீட்டு வரிசைப் படியின் சரிவை அளந்து வரச் சொன்னாயாமே. பிள்ளைகள் கயிறும் தடியுமாக மழையில் அளந்துகொண்டு நின்றன. சிவனு தன் வீட்டு வாசலை அளக்கிறார்கள், இடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தான். இதற்குப் பள்ளிக்கூடம் எவ்வளவோ தேவலை என்று சொல்லிவிட்டு, அவனே கயிற்றின் மறுமுனையைப் பிடித்தான்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. 'ஆரம்பச் செயற்பாட்டில் ஏற்பட்ட சில நடைமுறைச் சிக்கல்களால் ஒரு மாணவி இடைவிலகினார்.' தினேஸ் அதை வேகமாக வாசித்துக்கொண்டு போனான். நிறுத்து என்றேன். இடைவிலகினார் என்றால் என்னடா என்று கேட்டேன். அது படிக்கிறத நடுவுல விட்டுட்டு நின்னுடுறது அம்மாயி, எல்லா ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதுவாங்க என்றான். அவளா நின்னா, நிறுத்துனாங்களா என்று கேட்டேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த மாணவிக்குப் பேர் இல்லையா என்று கேட்டேன். பேர் போட மாட்டாங்க அம்மாயி என்றான்.

பிள்ளை, பெயர் போட்டதால் வந்த வினை இது. இப்போது மட்டும் ஏன் பெயர் போடக் கூடாது?

இங்கே மழை விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண் பிளந்த இடத்தில் சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள், ஐந்து வாரமாயிற்று, திறக்கிற பேச்சில்லை. நம் லயத்துக் கோடிச் சுவரிலும் ஒரு கீறல் இருக்கிறது. தினேஸ் சுண்ணாம்பால் குறி போட்டிருக்கிறான், இதுவரை கூடவில்லை. உன் அம்மா வெள்ளிக்கிழமை குவைத்தில் இருந்து பேசினாள். ஜெயந்திக்கு வேலை நிரந்தரமாகிவிட்டால் நான் வந்துவிடுவேன் என்றாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதினால் அது நியாயமில்லை, அதனால் சொல்லுகிறேன். நான் உன்னிடம் என்ன கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன். உன் நாலு பக்கத்தில் வரிசை இல்லை.

பள்ளிக்கூடம் மூடியதும் உங்கள் நிலையம் மேல்கணக்குப் பிள்ளைகள் பதினாலு பேரை உன்னிடம் கொடுத்தது, நம் ஊர்ப் பிள்ளைகள் என்று. நீ சந்தோஷப்பட்டாய். பத்தாம் தரக் கணக்கை ஒரு போட்டியாகச் செய்திருக்கிறேன் அம்மாயி, ஒரு கேள்விக்கு இருபது விநாடி, முடிந்ததும் யார் முதலாவது யார் கடைசி என்று திரையில் வரும், பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு செய்வார்கள் என்றாய். அப்படித்தான் பாடநெறியில் சொல்லித் தந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வைத்தாய். வந்த பட்டியலைப் பெற்றோர் குழுவில் நீயே போட்டாய், கைதட்டுகிற படமும் போட்டு. ஊக்கம் கொடுக்கத்தான் போட்டாய். இல்லை என்று சொல்லவில்லை.

இங்கே எந்தப் பிள்ளைக்குத் தனியாகப் போன் இருக்கிறது? வீட்டுக்கு ஒன்று. அதில் அப்பனுடைய பெயர். பிள்ளை வாங்கிய புள்ளி அப்பன் பெயருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. முதலாவது மருதமுத்து, பத்துக்கு ஒன்பது. கடைசி வீரய்யா, பத்துக்கு இரண்டு. மருதமுத்துவின் வீடு தொட்டிக்குப் பக்கத்தில், அவர் மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தாள். லோஜினி சிக்னல் தேடிப் பாறை மேல் நின்று செய்தாள்.

மறுநாள் திங்கள். கணக்கப்பிள்ளை பெயர்ப் புத்தகத்தைத் திறக்கவில்லை, போனைத் திறந்தார். மகள் முதலாவது வந்த சந்தோஷம், எல்லாருக்கும் காட்ட வேண்டும். மேலே இருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெரட்டில் பெயர் கேட்டால் ஏனென்று கேட்காமல் 'ஆஜர்' என்று சொல்லிப் பழகியவர்கள், மழையில் நின்றுகொண்டு ஆஜர் ஆஜர் என்று சொன்னார்கள். கடைசியாக 'வீரய்யா' என்றார். அவனும் ஆஜர் என்றான். 'பத்துக்கு ரெண்டு. தொரைக்கு இன்னைக்கு மலையில வேல வேணாம், ஒண்ணாம் வகுப்புல போய் உக்காருங்க' என்றார்.

உடனே யாரும் சிரிக்கவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிரிக்கலாமா கூடாதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது. அதன் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிவனு தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீரய்யா நான்காம் வகுப்போடு நின்றவன், கையெழுத்துப் போடும்போது யாரும் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறவன். அவன் சிரிக்கிற முகங்களைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான். லோஜினி படங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் வீதியில் நின்று சத்தம் போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இனிமே என் பேர் எந்தப் பட்டியல்லயும் வரக்கூடாது என்று மட்டும் சொன்னானாம். மூன்று நாள் கழித்துக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அவளை அனுப்பத் தரகனிடம் சொல்லி வைத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வருகிறது. லோஜினிக்குப் பதினைந்து வயது. அடுத்த வருஷம் ஓ.எல். பரீட்சை.

அவளைத் தண்ணீர் விழுகிற பீலியில் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் கயிற்றோடு அளந்துகொண்டு போகும்போது, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவினாள். கிட்டப் போனேன். 'டீச்சர்கிட்ட சொல்லுங்க ஆயா, கேள்வி எல்லாம் எனக்குத் தெரியும். படம் வந்து சேர்றதுக்குள்ள நேரம் போயிருது. ரெண்டுக்குத்தான் படம் வந்துச்சு, அந்த ரெண்டும் சரி' என்றாள். வந்த இரண்டும் சரி, ஜெயந்தி. இதையும் உன் நாலு பக்கத்தில் காணவில்லை. உனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. தெரிந்துகொள்ள நீ மேலே வரவில்லை. மழை என்றாய், வேலை என்றாய். நாலு வாரம்.

நேற்று நான் வீரய்யா வீட்டுக்குப் போனேன். நீ ஆச்சரியப்படுவாய். அந்த வாசலை நான் மிதித்து முப்பத்தொரு வருஷம். செல்லம்மா பாய் போட்டாள், நான் உட்காரவில்லை. வீரய்யா மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். புள்ளைய அனுப்பாதடா, படிக்கிற புள்ள என்றேன். அவன் காம்பைப் பார்த்தபடியே, 'படிக்கிற புள்ளதான் பெரியம்மா. என் பேரத்தான் படிக்க வச்சுட்டாங்களே' என்றான். ஜெயந்தி வேணும்னு செய்யல என்றேன். தெரியும் என்றான். டீச்சரம்மா மேல கோவம் இல்ல, ஆனா இத்தன நாளா ஒரு வார்த்த வரலையே, என் புள்ள முட்டாள் இல்லன்னு ஒரு வார்த்த, அந்தக் குழுவுல கைதட்டத் தெரிஞ்சவங்களுக்கு அதப் போடத் தெரியலையா என்றான்.

அப்புறம் நான் தப்புச் செய்தேன். சிரிச்சவங்களை எல்லாம் விட்டுத் தள்ளு, நாலு பேர் சிரிப்பான், அதுக்காகப் புள்ளைய நிறுத்துவியா என்றேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் சொன்னான். 'நாலு பேர் இல்ல பெரியம்மா. மொதல்ல ஒருத்தர் சிரிச்சாங்க. சத்தம் எனக்குத் தெரியும், சின்ன வயசுல இருந்து பக்கத்து லயத்துல கேட்ட சத்தம்தான். எங்கம்மா மேல உள்ள கோவத்த என் மக மேலயா தீர்த்துக்குவீங்க' என்றான். செல்லம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். லோஜினி உள்ளே இருந்தாள். லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்குத் தெரியும்.

உனக்கு இந்தப் பழைய கதையைச் சொன்னதில்லை. உன் அம்மா பாக்கியலெட்சுமி ஓ.எல். எழுதிக் கணக்கில் தவறினாள். தைப்பொங்கலுக்கு மறு வாரம், காலையில், குடத்தோடு பீலிக்கு வந்தாள். என்னோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் இருந்தோம், எல்லார் பெயரும் சொல்லுவேன், அதில் ஏழு பேர் இப்போது இல்லை. வீரய்யாவின் அம்மா அங்கம்மா, 'படிச்ச புள்ள வருது, வழி விடுங்கடி. பேனா புடிச்ச கை குடம் தூக்குமா' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா குடத்தை நிறைக்காமலே திரும்பினாள். இரண்டாவது தடவை எழுது, டியூஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று நான் கெஞ்சினேன். எழுதிப் படித்த கொப்பிகளை அடுப்பில் வைத்தாள். கணக்குக் கொப்பி கடைசியாக எரிந்தது. இன்றைக்கும் குவைத்தில் பிறத்தியார் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அங்கம்மா செத்து ஒன்பது வருஷம். சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. என் வாசலுக்கு நேரே பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பெரட்டில் கணக்கப்பிள்ளை வீரய்யா என்றதும் எனக்கு வீரய்யா தெரியவில்லை. அங்கம்மாவின் மகன் தெரிந்தான். லோஜினி வாசலில் நிற்பதை நான் முன்னமே பார்த்திருந்தேன். எனக்கு முந்தி யாரும் சிரிக்கவில்லை. வாயை மூட நேரம் இருந்தது, ஜெயந்தி. மூடவில்லை. இதை எழுதுகிறதற்கு மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நேற்று வீரய்யா அப்படிக் கேட்டதும், திரும்பி வாசலுக்கு வந்தேன். அப்போது அவனாகவே சொன்னான். எந்த இடத்தில் வாசித்தார்களோ அந்த இடத்தில் வந்து சொல்லட்டும். பெரட்டில், எல்லாரும் நிற்கும்போது. அந்த இரண்டு புள்ளி எதனால் வந்தது என்று டீச்சரே தன் வாயால் சொல்லட்டும். சொன்னால் வேனைத் திருப்பி அனுப்புவேன் என்றான். போனில் சொன்னால் போதாதா என்று செல்லம்மா உள்ளே இருந்து கேட்டாள். போன்ல சொன்னது போன்லயே கெடக்கட்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அதற்கு முன்னால் இருப்பது சனிக்கிழமை பெரட்டு ஒன்றுதான், காலை ஏழு மணி. நானும் பஸ் நேரத்தை விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஏழு மணிக்கு இங்கே நின்றால் பத்து மணிக்குப் பதுளையில் நிற்க முடியாது. பலீல் நானாவின் லொறியில் வந்தாலும் முடியாது. அவர்களிடம் திகதியை மாற்றிக் கேட்டுப் பார். மாற்றித் தர மாட்டார்கள் என்றால் என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. உன் அம்மா வெள்ளிக்கிழமை சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அதோடுதான் இதைக் கேட்கிறேன்.

வர முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய். அந்த மூன்றாம் பக்கத்தை அப்படியே அவர்கள் முன்னால் படிக்காதே. லோஜினி என்று எழுது. இடைவிலகினார் என்பதை வெட்டிவிட்டு, நிறுத்தப்பட்டாள் என்று எழுது. யார் வைத்த இருபது விநாடி, யார் போட்ட பட்டியல் என்று எழுது. அதற்குக் கீழே உன் பெயரை எழுது. அதைக் கேட்டுவிட்டு வேலை இல்லை என்று சொல்கிறவர்கள், மலையகத்துப் பிள்ளைக்கு ஒன்லைனில் பாடம் நடத்தத் தெரிந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு நான் பெரட்டுக்களத்தில் நிற்பேன். என் பங்கை நான் சொல்லுவேன். கணக்கப்பிள்ளை வேண்டாம் என்றாலும் சொல்லுவேன். அது மட்டும் வீரய்யாவுக்குப் போதாது, கணக்கு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். வந்தாயானால் வெள்ளிக்கிழமை மாலை பண்டாரவளையில் இருந்து கடைசி பஸ்ஸைத் தவறவிடாதே. மண் சரிந்த வளைவில் எல்லாரையும் இறக்கி நடக்க வைப்பார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நட. தினேஸ் குடையோடு நிற்பான்.

மாரியம்மன் உனக்குத் துணை. உன் வேலை நிரந்தரமாகட்டும், உன் அம்மா வந்து சேரட்டும், அந்தப் பிள்ளை அந்த வேனில் ஏறாமல் இருக்கட்டும். மூன்றும் ஒன்றாக நடக்க வழி இருந்தால் அதையும் அவளே காட்டட்டும்.

கணக்கப்பிள்ளையை விட்டுவிட்டேன், பெற்ற பிள்ளை முதலாவது வந்தால் யாருக்கும் கண் தெரியாது. வீரய்யா மேல் எனக்கு ஒன்றுமில்லை. அங்கம்மாவையும் நேற்று அவள் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ தெரியாமல் செய்தாய், உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது. தெரிந்து செய்தவள் ஒருத்திதான். அவளை மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இராக்கம்மா